விளையாட்டு வண்டிகளும் விபத்தின் பொறுப்பும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்னும் சிற்றூரைச் சூழ்ந்த செந்நிறப் பாறைச் சரிவுகளிலும், தெற்குக் கலிபோர்னியாவின் இம்பீரியல் மணற்குன்றுகளிலும், நிலக்கரித் தொழில் தளர்ந்துபோன பின்னர் மேற்கு வர்ஜீனியாவின் மலைகளில் அம்மாநில அரசு முன்னின்று அமைத்த ஹாட்ஃபீல்ட் மக்காய் பாதைகளிலும், சாலை என்று சொல்லத் தகாத இடங்களில் வண்டி ஓட்டுவதையே ஓர் இன்பமாக நாடி ஆண்டுதோறும் திரளான மக்கள் வருகின்றனர். இவர்களிற் பலர் அத்தகைய வண்டியை அதற்கு முன் தொட்டும் பாராதவர்கள். வண்டியையும் தலைக்கவசத்தையும், வேண்டுமானால் வழிகாட்டியையும் வாடகைக்குத் தரும் வியாபார ஸ்தாபனங்களை நம்பி வருகிறவர்கள். அங்ஙனம் வந்த ஒருவர் வண்டி கவிழ்ந்து முதுகெலும்பு முறிந்து கிடப்பாராயின், அந்த நஷ்டத்தை ஏற்க வேண்டியவர் அபாயம் என்று அறிந்தே ஏறியமர்ந்த அவரா, அல்லது அவரை ஏற்றியமர்த்திப் பணம் பெற்றுக்கொண்ட ஸ்தாபனத்தாரா என்னும் வினாவுக்கு அமெரிக்க நியாயஸ்தலங்கள் ஏறக்குறைய நூறாண்டுகளாக விடை தேடி வருகின்றன. விளையாட்டோடு உடன்பிறந்த அபாயத்தை விளையாடுகிறவன் ஏற்பது நியாயம். ஸ்தாபனத்தார் தம் அஜாக்கிரதையால் புதிதாகச் சேர்த்த அபாயத்தை ஒரு கையெழுத்தைக் காட்டி அவன் தலையில் ஏற்றுவது நியாயமன்று. இதுவே என் துணிபு.

சட்டத்தைப் பேசுமுன் யந்திரத்தைச் சிறிது அறிந்துகொள்ளுதல் அவசியம். ஏனெனில், எந்த அபாயம் இயல்பானது, எது செயற்கையாய்ச் சேர்ந்தது என்பதை யந்திரத்தின் தன்மையை அறியாமல் பிரித்தறிய இயலாது. 1970ஆம் ஆண்டில் ஹோண்டா கம்பெனியார் அமெரிக்கச் சந்தையில் பெருத்த, காற்றழுத்தம் குறைந்த டயர்களையுடைய மூன்று சக்கர வண்டி ஒன்றை விற்கத் தொடங்கினர். மணலிலும் சேற்றிலும் பனியிலும் புதையாமல் செல்லும் அவ்வண்டியின் மீது, குதிரைமேல் அமர்வது போலக் கால்களை இருபுறமும் இட்டு அமர்ந்து, கைப்பிடியைத் திருப்பி ஓட்ட வேண்டும். திருப்பத்தில் உடலின் பாரத்தை எப்பக்கம் சாய்ப்பது, ஏற்றத்தில் எவ்வளவு முன்னே குனிவது, இறக்கத்தில் எவ்வளவு பின்னே நகர்வது என்பவற்றை ஓட்டுகிறவனுடைய உடலே அறிந்திருத்தல் வேண்டும். அறியாதவன் ஏறினால் வண்டி அவனைத் தள்ளிவிட்டு அவன் மேலேயே விழும். மூன்று சக்கர வண்டிகளால் நேர்ந்த மரணங்களும், அவற்றுள்ளும் குழந்தைகளின் மரணங்களும் பெருகவே, நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் முயற்சியால் 1988இல் உற்பத்தியாளர்கள் நீதிமன்றத்தில் ஒரு சம்மத உத்தரவுக்கு உடன்பட்டனர். மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது, 90 சி.சி.க்கு மேற்பட்ட எந்திரமுள்ள வண்டிகளைப் பதினாறு வயது நிரம்பாதவர் ஓட்டலாகாது என்னும் எச்சரிக்கையும் பிறந்தது. ஏ.டி.வி. எனப்படும், எந்நிலத்திலும் ஓடும் நாற்சக்கர வண்டி அதன்பின் நிலைபெற்றது. 2008ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று புதிய மூன்று சக்கர வண்டிகளின் இறக்குமதியை அடியோடு விலக்கியது.

இந்நாளில் வாடகைக் கடைகளில் அதிகமாகக் காணப்படுவது இருவரோ நால்வரோ பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து செல்லும் வகை. இதற்குக் கார் போன்ற சுக்கானும், சீட் பெல்ட்டும், தலைக்கு மேல் இரும்புக் கூண்டும் உண்டு. காரைப் போலத் தோன்றுதலே இதன் முதல் அபாயம் எனலாம். கார் ஓட்டத் தெரிந்தவன் இதையும் ஓட்டலாம் என்று எண்ணி விடுகிறான். ஆனால் வண்டி பக்கவாட்டில் சாயும்போது மனிதனின் கையும் காலும் தாமாகவே வெளியே நீண்டு நிலத்தை ஊன்றப் பார்க்கும். கூண்டின் இரும்புச் சட்டம் அந்தக் கையின் மேலேயே இறங்கும். இதைப் புறப்படுமுன் ஒருமுறை தெளிவாகச் சொல்லி, வண்டி சாயினும் கைகளைச் சுக்கானிலோ பிடிகளிலோ வைத்திருக்கும்படி பழக்கிவிட்டால் எத்தனையோ கைகள் பிழைக்கும். அதைச் சொல்லும் கடமை யாருடையது என்பதிலேயே சட்டப் பிரச்சினையின் பாதி அடங்கியிருக்கிறது.

தானே விரும்பி ஏற்ற அபாயத்துக்குப் பிறரிடம் பரிகாரம் கேட்கலாகாது என்பது பழைய ரோமானியச் சட்டத்திலிருந்து ஆங்கிலச் சட்டத்துக்கு வந்து, அங்கிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற நியதி. அதற்கு அமெரிக்காவில் மறக்க முடியாத வடிவம் தந்தவர் நியூயார்க் மேல் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாயிருந்த பெஞ்சமின் கார்டோஸோ. கோனி தீவின் கேளிக்கைப் பூங்காவில் மேல்நோக்கி ஓடும் பட்டையின்மேல் நின்று தடுமாறி விழுவதே வேடிக்கையாக அமைந்த ஒரு யந்திரத்தில் விழுந்து முழங்கால் உடைந்த இளைஞனின் வழக்கை அவர் 1929இல் தள்ளினார். விழுவதைக் காணவும் விழவுமே மக்கள் அங்கு வருகின்றனர் என்பதும், அஞ்சுபவர் வீட்டிலிருக்கலாம் என்பதுமே அத்தீர்ப்பின் கருத்து. இத்தீர்ப்பை எடுத்தோதும் வக்கீல்கள் அதிலேயே உள்ள மற்றொரு பகுதியைச் சௌகரியமாக விட்டுவிடுவதுண்டு: அபாயம் மறைந்திருந்தாலோ, யந்திரம் பழுதுபட்டிருந்தாலோ, காயங்கள் அடிக்கடி நேர்ந்து அதை மாற்றியாக வேண்டிய நிலை வந்திருந்தாலோ முடிவு வேறாயிருக்கும் என்று கார்டோஸோ தெளிவாகவே இடம் வைத்திருந்தார்.

கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1992இல் நைட் எதிர் ஜூவெட் என்னும் வழக்கில், நண்பர்கள் கூடி ஆடிய கால்பந்தாட்டத்தில் விரல் இழந்த பெண்ணின் முறையீட்டைத் தள்ளியபோது, இந்நியதியை ஒழுங்குபடுத்திற்று. விளையாட்டின் உயிராகிய அபாயத்தை நீக்க வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. நீக்கினால் விளையாட்டே இல்லையாகிவிடும். ஆனால் அந்த இயல்பான அளவுக்கு மேல் அபாயத்தைப் பெருக்காதிருக்கும் கடமை உண்டு. இந்த அளவுகோலைக் கொண்டு 2001இல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று பாலைவன வண்டியோட்ட வழக்கு ஒன்றைத் தீர்த்தது. மேட்டின் ஒரு பக்கமிருந்து மோட்டார் சைக்கிளும், மறுபக்கமிருந்து மணல்வண்டியும் ஏறி வந்து மோதிக்கொண்டன. மேட்டுக்கு அப்பால் வருவது தெரியாமையே அவ்விளையாட்டின் இயல்பு என்றும், ஆகவே ஒருவர் மற்றவர்மேல் வழக்காட முடியாதென்றும் நீதிமன்றம் கூறிற்று.

தீர்ப்பு சரியே, ஆனால் அதன் எல்லையை நாம் கவனிக்க வேண்டும். அங்கே வாதியும் பிரதிவாதியும் திறந்த பாலைவனத்தில் சமமாக உலாவிய இரண்டு விளையாட்டுக்காரர்கள். அதே மேட்டை ஒரு வியாபார ஸ்தாபனம் வேலியிட்டு, பாதை வகுத்து, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி, போகிறவர்களையும் வருகிறவர்களையும் ஒரே தடத்தில் விட்டிருந்தால் அங்கே நேரும் மோதலை இயல்பான அபாயம் என்பது எங்ஙனம் பொருந்தும்? ஒரு வழிப்பாதையாக்க ஓர் அம்புக்குறிப் பலகையே போதுமாயிருந்தது. இவ்விஷயத்தில் அதே கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 2012இல் கேளிக்கைப் பூங்கா ஒன்றின் மோதுகார் வழக்கில் சென்ற வழி எனக்கு உடன்பாடன்று. அப்பூங்காவின் உரிமையாளர்கள் தங்கள் பிற பூங்காக்களில் மோதுகார்களை ஒரே திசையில் ஓடவிட்டு நேருக்குநேர் மோதலைக் குறைத்திருந்தும், இந்தப் பூங்காவில் அங்ஙனம் செய்யவில்லை. மணிக்கட்டு முறிந்த பெண்ணிடம், மோதுவதே அவ்விளையாட்டின் இயல்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மோதுவது இயல்புதான். எல்லாத் திசையிலிருந்தும் மோதப்படுவதும் இயல்பா என்பதை ஜூரிகள் விசாரிக்க விட்டிருக்க வேண்டும்.

வண்டி வாடகை ஸ்தாபனங்களின் வழக்குகளில் அபாயத்தைப் பெருக்கிய செயல்களாகக் காட்டப்படுபவை பெரும்பாலும் சாமானியமான காரியங்களே. தேய்ந்த பிரேக், காற்றழுத்தம் ஒழுங்காயில்லாத டயர், பூட்டிக்கொள்ளாத பெல்ட், பதினாலு வயதுப் பையனுக்குப் பெரிய எந்திரமுள்ள வண்டி, பாதைக்குக் குறுக்கே கட்டி அடையாளமிடாத கம்பி, முதல்நாள் மழையில் அரித்துப்போன கரையைப் பார்த்து வராத வழிகாட்டி, இவை ஒன்றும் கரடுமுரடான நிலத்தின் குணங்கள் அல்ல. வாடிக்கையாளர் இவற்றைக் கண்டறியவும் முடியாது. அன்றியும், பிரேக் முதலியவற்றின் பழுது உற்பத்தியிலேயே தொடங்கியதாயின் பொறுப்பு இன்னும் விரியும். கலிபோர்னியாவில் 1970 முதல், பழுதுள்ள பொருளை வாடகைக்கு விடுவதையே தொழிலாகக் கொண்டவர், அஜாக்கிரதை நிரூபிக்கப்படாவிடினும் விற்பவரைப் போலவே பொறுப்பாளி. வண்டிகள் தீப்பற்றும் பழுதை உரிய காலத்தில் அறிவிக்கத் தவறியதாக எழுந்த குற்றச்சாட்டில் போலாரிஸ் கம்பெனி 2018இல் இரண்டு கோடியே எழுபத்திரண்டரை லட்சம் டாலர் அபராதம் செலுத்த உடன்பட்டது. அத்தகைய பழுதுக்காக வண்டிகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்த பின்னும் சீர்செய்யாத வண்டியை ஒருவர் வாடகைக்கு விட்டால் அவருடைய நிலை எவ்வளவு பலவீனமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, இக்கட்டுரையின் மையமாகிய கையெழுத்துக்கு வருவோம். வண்டிச் சாவியைக் கையில் பெறுமுன் வாடிக்கையாளர் பொறுப்பு விடுதலைப் பத்திரம் ஒன்றில் ஒப்பமிட வேண்டும். ஸ்தாபனத்தார், அவர்தம் ஊழியர், நிலத்துக்குரியோர் ஆகிய எவருடைய அஜாக்கிரதையால் தமக்குக் காயமோ மரணமோ நேரினும் வழக்குத் தொடுப்பதில்லை என்று அதில் எழுதியிருக்கும். விடுமுறைக்கு வந்த குடும்பம், முன்பணம் கட்டியாகிவிட்ட நிலையில், பின்னே பத்துப்பேர் வரிசையில் நிற்க, கண்ணாடித் திரையில் விரலால் கிறுக்கித் தரும் அந்த ஒப்பத்தைச் சம்மதம் என்று பெரும்பாலான மாநிலங்கள் ஏற்கின்றன. 1963இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம், பல்கலைக்கழக மருத்துவமனையில் சேருமுன் நோயாளியிடம் வாங்கப்பட்ட இத்தகைய பத்திரத்தைச் செல்லாது என்றது. பொதுமக்களுக்கு இன்றியமையாத சேவையைத் தருகிறவர், பேரம் பேச இயலாதவரிடமிருந்து இதைப் பெறலாகாது என்பது அதன் சாரம். டங்க்கல் தீர்ப்பு எனப் புகழ்பெற்ற அதையே பிற்கால நீதிமன்றங்கள் திருப்பிப் பிடித்து, மருத்துவம் இன்றியமையாதது, கேளிக்கை அத்தகையதன்று, ஆதலின் கேளிக்கைப் பத்திரம் செல்லும் என்று முடிவு கட்டின. இப்போக்குக்கு ஒரு மட்டில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றமே 2007இல் அணைபோட்டது. மனவளர்ச்சி குன்றிய சிறாருக்கு நகராட்சி நடத்திய கோடை முகாமில் பதினாலு வயதுப் பெண் நீச்சற்குளத்தில் மூழ்கி இறந்த வழக்கில், சாதாரண அஜாக்கிரதையை மன்னிக்கும் பத்திரம் படுமோசமான அஜாக்கிரதையை மன்னிக்க மாட்டாது என்று தீர்த்தது. அதன் பிறகு வக்கீல்களின் வாதமெல்லாம் அஜாக்கிரதை எந்த இடத்தில் படுமோசமாகிறது என்பதிலேயே சுழல்கிறது. தேய்ந்த பிரேக் சாதாரணம், தேய்ந்ததென்று தெரிந்தும் அனுப்பிய பிரேக் படுமோசம் என்பது போன்ற நுண்ணிய கோடுகள் இழுக்கப்படுகின்றன.

இந்தச் சிக்கலுக்கே இடமளிக்காத மாநிலங்களும் உள. லூயிசியானாவின் சிவில் சட்டக் கோவை, உடற்காயத்துக்கான பொறுப்பை முன்கூட்டியே விலக்கும் ஷரத்து எதையும் செல்லாததாக்குகிறது. நியூயார்க்கில் 1976இல் இயற்றப்பட்ட சட்டம், கட்டணம் வாங்கும் கேளிக்கை இடங்களின் விடுதலைப் பத்திரங்களைப் பொதுநலத்துக்கு முரணானவை என்கிறது. வர்ஜீனியாவின் உச்ச நீதிமன்றம் 1890இலேயே ஒரு ரயில்வே கம்பெனிக்கு எதிராக, இத்தகைய விலக்கு செல்லாதென்று நிலைநாட்டிய கொள்கையை 1992இல் விளையாட்டுப் போட்டிக்கும் விரித்தது. எல்லாவற்றினும் நியாயம் நன்கு விளங்கச் சொல்லப்பட்டிருப்பது வெர்மான்ட் உச்ச நீதிமன்றத்தின் 1995ஆம் ஆண்டுப் பனிச்சறுக்குத் தீர்ப்பில். சரிவைப் பரிசோதிக்கவும், பணியாளரைப் பழக்கவும், காப்புறுதி எடுத்துச் செலவை எல்லா வாடிக்கையாளர்மேலும் சிறிது சிறிதாகப் பரப்பவும் வல்லவர் நடத்துபவரே; அவரைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிட்டால் அபாயத்தைக் குறைக்க அவருக்குத் தூண்டுதலே இராது என்று அந்நீதிமன்றம் எடுத்துரைத்தது. பத்திரங்கள் இல்லாவிடில் காப்புறுதிக் கட்டணம் ஏறி வியாபாரமே மூடப்படும் என்பது ஸ்தாபனங்களின் நெடுநாளைய அச்சம். அந்த அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஒரு சிறிய குடும்பத்தாரின் பிழைப்பை ஒரே விபத்து அழித்துவிடக்கூடும். ஆயினும் வெர்மான்ட்டில் பனிச்சறுக்கு நின்றுபோகவில்லை, நியூயார்க்கில் கேளிக்கைத் தொழில் அழியவில்லை என்பது கண்கூடு.

குழந்தைகளின் விஷயமோ நெஞ்சை உறுத்துவது. 2003இல் ஃப்ளோரிடாவின் மோட்டார் விளையாட்டுப் பூங்கா ஒன்றுக்குத் தந்தை அழைத்துச் சென்ற பதினாலு வயதுச் சிறுவன், ஏ.டி.வி.யில் மேட்டிலிருந்து தாவ முயன்று, வண்டி மேலே விழ இறந்தான். உள்ளே நுழையும்போது மகனுக்காகத் தந்தை விடுதலைப் பத்திரத்தில் ஒப்பமிட்டிருந்தார். மணவிலக்குப் பெற்றிருந்த தாய்க்கு இது ஒன்றும் தெரியாது; அவர் வழக்குத் தொடுத்தார். 2008 டிசம்பரில் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம், வியாபார விளையாட்டில் குழந்தைக்கு நேரக்கூடிய தீங்குக்கான உரிமையைப் பெற்றோர் முன்கூட்டியே விட்டுக்கொடுக்கும் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. குழந்தையின் வழக்கில் நேர்ந்த நஷ்டத்தைப் பேரளவில் சமரசம் செய்ய வேண்டுமானாற்கூட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டியிருக்க, காயமே நேராத முன்பு, அது எத்தகையதென்றும் தெரியாத நிலையில், எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் கொடுத்துவிடப் பெற்றோருக்கு உரிமையுண்டு என்பது விபரீதம் அல்லவா? வியாபாரிகளின் முறையீட்டுக்குச் செவிசாய்த்த சட்டசபை 2010இல் ஒரு நடுவழி கண்டது. விளையாட்டின் இயல்பான அபாயங்களுக்கு மட்டும் பெற்றோர் விடுதலை தரலாம். அதுவும் சட்டம் விதித்த வாசகத்தைப் பத்திரத்தின் ஏனைய எழுத்தைவிடப் பெரிய தலைப்பெழுத்துகளில் அச்சிட்டிருத்தல் வேண்டும். நடத்துபவரின் அஜாக்கிரதை அதனுள் அடங்காது. கொலராடோவில் கதை வேறாகத் திரும்பிற்று: 2002இல் அங்கத்திய உச்ச நீதிமன்றம் பெற்றோரின் பத்திரத்தைத் தள்ளியதும், அடுத்த ஆண்டே சட்டசபை அதைச் செல்லுபடியாக்கி விட்டது. ஃப்ளோரிடா கண்ட எல்லையே நான் மேலே கூறிய கொள்கைக்கு மிக அணுக்கமானது.

அட்லாந்திக்கைக் கடந்தால் விவாதம் சட்டென்று சுருங்கிவிடுகிறது. இங்கிலாந்தின் 1977ஆம் ஆண்டு நியாயமற்ற ஒப்பந்த ஷரத்துகள் சட்டம், தொழில் நடத்துபவர் தம் அஜாக்கிரதையால் விளையும் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் உரிய பொறுப்பை எந்த அறிவிப்பாலும் ஒப்பந்தத்தாலும் விலக்க முடியாது என ஒரே வீச்சில் சொல்லிவிட்டது. ஆஸ்திரேலியாவோ எதிர்த்திசையில் சென்ற தேசம். 2001இல் எச்.ஐ.எச். என்னும் பெரிய காப்புறுதிக் கம்பெனி வீழ்ந்து கட்டணங்கள் ஏறிய கலக்கத்தில், நியூ சவுத் வேல்ஸ் 2002இல் இயற்றிய சட்டம், அபாயகரமான விளையாட்டின் வெளிப்படையான அபாயத்துக்குப் பொறுப்பில்லை என்றும், உரிய எச்சரிக்கை தந்தால் போதும் என்றும் நடத்துபவருக்குப் பெரிய கவசம் அளித்தது. அக்கவசமும் 2015இல் குவாட் பைக் எனப்படும் நாற்சக்கர வண்டி வழக்கு ஒன்றில் பயன்படவில்லை. பதினோரு வயதுச் சிறுமி, முன்னே மிகை வேகத்தில் சென்ற பயிற்றுநரைத் தொடர முயன்று, கட்டுப்பாடிழந்து காயமுற்றாள். பயிற்றுநரே வேகமாகச் செல்வார் என்பது வெளிப்படையான அபாயம் அன்று என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். பத்திரத்தைப் பொறுத்தவரை, குடும்பத்தார் தொலைபேசியில் பதிவு செய்து பணம் செலுத்தியபோதே ஒப்பந்தம் முடிந்துவிட்டது. பின்னர் இடத்துக்கு வந்தபின் நீட்டப்பட்ட தாளிலுள்ள விலக்கு ஷரத்து அவ்வொப்பந்தத்தின் பகுதியாகாது என்றும் தீர்த்தது. முன்பணம் வாங்கிப் பதிவு செய்துகொண்டு, வாசலில் கையெழுத்து வாங்கும் வழக்கம் உலகெங்கும் இருப்பதால் இத்தீர்ப்பின் இரண்டாம் பகுதி மிகவும் கவனிக்கத் தக்கது.

கட்டணம் இன்றித் தம் நிலத்தைப் பொதுமக்களின் உல்லாசத்துக்குத் திறந்துவிடுகிறவருக்கு அமெரிக்க மாநிலங்கள் தனிப் பாதுகாப்பு அளித்திருக்கின்றன. கட்டணம் வாங்கிய கணமே அது நீங்கும். கலிபோர்னியாவின் 1963ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வகையினது. வாடிக்கையாளரின் சொந்தக் குற்றமும் கணக்கில் வரும்: மது அருந்தியவன், தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்தவன், தடுத்த எல்லையைத் தாண்டியவன் பெறும் நஷ்டஈடு பெரும்பாலான மாநிலங்களில் அவன் பங்குக்கு ஏற்பக் குறையும். இவை நியாயமான விதிகளே. இவற்றில் நீண்ட விவாதம் இல்லை.

வழக்குகள் உண்மையில் வெல்லப்படுவதும் தோற்கப்படுவதும் சாட்சியத்தில்தான். வண்டியின் பராமரிப்புப் பதிவேடு இருந்ததா, புறப்படுமுன் யார் என்ன கற்பித்தார், வழிகாட்டி எத்தனை பேரை ஒருங்கே அழைத்துச் சென்றார், அதே திருப்பத்தில் முன்பு யாரேனும் விழுந்ததுண்டா என்பன நீதிமன்றத்தில் கேட்கப்படும் கேள்விகள். கவிழ்ந்த வண்டியைச் சீர்செய்து மறுநாளே வாடகைக்கு விட்டுவிடும் ஸ்தாபனம் முக்கியமான சாட்சியைத் தன் கையாலேயே அழித்துவிட்டதென்ற பழிக்கு ஆளாகும். ஒழுங்காகப் பதிவேடு வைத்து, ஒழுங்காகக் கற்பிக்கும் ஸ்தாபனத்துக்குப் பத்திரத்தைக் காட்டிலும் அப்பதிவேடே சிறந்த பாதுகாப்பு என்பதை அனுபவமுள்ள வக்கீல்கள் அறிவர்.

நம் நாட்டு மலைவாசஸ்தலங்களிலும் கடற்கரை உல்லாச விடுதிகளிலும் இவ்வண்டிகள் வாடகைக்குக் கிடைக்கும் இந்நாளில், நம் சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்பதையும் சிறிது நோக்கலாம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 23ஆம் பிரிவில் பொதுநலத்துக்கு மாறான உடன்பாடு செல்லாது என்கிறது. இதை எளியவருக்குச் சார்பாகப் பயன்படுத்திய தீர்ப்பு ஒன்று நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே 1960களில் பிறந்தது: தொலைந்த துணிக்கு அதன் விலையில் ஒரு சிறு பங்கே தருவோம் என்று சலவைக்கடை ரசீதில் அச்சிட்டிருந்த ஷரத்தை, அஜாக்கிரதைக்குப் பரிசளிப்பதாகும் என்னும் கருத்தில், நீதிமன்றம் செல்லாததாக்கிற்று. ஒரு சேலைக்கே இந்தக் காப்பு உண்டெனில் அதை உடுத்தியவரின் உடலுக்கு அது குறைந்துவிடுமா? 1986இல் உச்ச நீதிமன்றம், பேரம் பேசும் வலிமையில் சமமற்றவர்களிடையே திணிக்கப்பட்ட அநியாயமான ஷரத்துகளைத் தள்ளியது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் இன்னதென வரையறுத்து, அதைச் செல்லாதென அறிவிக்கும் அதிகாரத்தை மாநில ஆணையத்துக்குத் தந்திருக்கிறது. கட்டணம் வாங்கித் தரும் சவாரி அச்சட்டத்தின்படி ஒரு சேவை. பழுதுபட்ட பிரேக்கோடு வண்டியைத் தருவது சேவைக் குறைபாடு. குழந்தைகளைப் பொறுத்தவரையில் ஐயத்துக்கு இடம் இன்னும் குறைவு: வயது நிரம்பாதவரின் ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று பிரிவி கவுன்சில் 1903இலேயே தீர்த்திருக்க, சிறுவன் தானே இட்ட ஒப்பத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை, அவனுக்காகப் பெற்றோர் இட்ட ஒப்பமும் அவனுடைய நன்மைக்கானதாய் இருந்தாலன்றி அவனைக் கட்டுப்படுத்த மாட்டாது.